இன்பமணி முறை சொன்னாள்

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் இன்பமணியிடம் சேலை எடுக்கப் போகிறவர்கள் முதலில் ஒரு விசாரணையைத் தாண்டியாக வேண்டும்.

"எந்த ஊரு?"

ஊரைச் சொன்னால் போதாது. "அங்கன யாரு மக?" என்று அடுத்த கேள்வி வரும். அப்பா பெயரைச் சொன்னதும் இன்பமணி கண்ணை மூடிக்கொள்வாள். அந்த அப்பா, அவருடைய அம்மா, அந்த அம்மா பிறந்த வீடு என்று உள்ளே எங்கெங்கோ அலைந்துவிட்டு, திரும்பும்போது ஒரு சொந்தத்தோடு வருவாள். "ஏ, நீங்க முதலூர் சாமுவேல் வாத்தியார் பேத்தியா? அப்போ எனக்கு மதினி முறைலா! உக்காருங்க மதினி, காப்பி போடுதேன்."

சேலைக் கட்டு அதற்குப் பிறகுதான் அவிழும். மதினி என்று ஆகிவிட்ட பிறகு யார்தான் சேலை எடுக்காமல் எழுந்து போவார்கள்?

கணவர் ஜெபசிங் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விசாரணை நீளும்போது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். "ஏளா, ஆதாம் ஏவாள் வரைக்கும் போயிராத. அவிய பஸ்ஸப் புடிக்கணும்."

"ஆதாமும் எனக்குத் தாத்தா முறைதான். நீங்க பேப்பரப் படிங்க."

வியாபாரம் கைப்பேசிக்குள் போன பிறகும் இன்பமணி இந்த வழக்கத்தை விடவில்லை. இன்ஸ்டாகிராமிலும் முகநூலிலும் 'இன்பா சாரீஸ்' என்று பக்கம் தொடங்கினாள். மற்றவர்கள் துணியின் பெயரைப் போட்டு நிறுத்திக்கொள்வார்கள். இவள் படத்துக்குக் கீழே ஒரு குடும்பத்தையே எழுதிவிடுவாள். 'இந்த மாம்பழக் கலர் சாஃப்ட் சில்க் எடுத்தது நம்ம சாத்தான்குளம் அப்பாத்துரை பெரியப்பா மருமகள் ஜெனிபா. பேரன் ஆல்வின் பிறந்தநாளுக்காக.' இதை நாசரேத்தில் ஒருத்தி பார்ப்பாள். ஜெனிபா எடுத்ததையே தனக்கும் கேட்பாள். சொந்தம் சொந்தத்தை இழுத்துக்கொண்டு வந்தது. பக்கத்தைப் பார்க்கிறவர்கள் பெருகப் பெருக, "எல்லாம் நம்ம ஆளுவதான்" என்று இன்பமணி பெருமைப்பட்டாள். அத்தனை பேரிடமும் எந்த ஊர் என்று கேட்க அவளுக்கே வழியில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

அந்தப் பக்கத்தின் நட்சத்திரம் டார்லின். ஏரலில் இருக்கும் தம்பி எபியின் ஒரே மகள், பத்தாம் வகுப்பு. சனிக்கிழமைதோறும் வாலிபால் பயிற்சிக்குப் பாளையங்கோட்டை வருவாள். முடிந்ததும் அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுவாள். நல்ல உயரம். வாசலில் கால் வைத்ததுமே இன்பமணி அவளைப் பிடித்து நிறுத்தி, விளையாட்டுச் சட்டைக்கு மேலேயே ஒரு சேலையைத் தோளில் போட்டுவிடுவாள்.

"அத்தை, வேர்த்துக் கொட்டுது. குளிச்சிட்டு வந்துருதேன்."

"வேர்த்தாத்தான் முகம் மினுங்கும். சிரிட்டி."

படம் ஏறும். கீழே, 'நம்ம ஏரல் எபி மகள் டார்லின். சனிக்கிழமை வாலிபால் பயிற்சிக்கு வந்தவளைப் பிடித்து நிறுத்தியாச்சு!'

ஒரு சனிக்கிழமை, சொதியை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த டார்லின் தலையைத் தூக்காமல் கேட்டாள். "அத்தை, சாத்தான்குளம் அப்பாத்துரை தாத்தாவோட பேரன் எனக்கு என்ன முறை?"

இன்பமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளை முறை கேட்கிறதே! மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தாள்.

"யாரு, ஆல்வினா? கேளு. அப்பாத்துரை பெரியப்பாவும் உங்க தாத்தாவும் அண்ணன் தம்பி பிள்ளைய. அவிய மகன் உங்க அப்பனுக்கு அண்ணன். அப்போ அவன் மகன் உனக்கு அண்ணன் முறை. உங்க அப்பன் இதெல்லாம் சொல்லித் தர மாட்டானே!"

"கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் படிக்காங்களாம்."

"படிப்பான், படிப்பான். படிச்ச வம்சம்லா அது."

டார்லின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை இன்பமணி பார்த்தாள். சொந்தம் தெரிந்த நிம்மதி என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு அப்பளத்தை அவள் தட்டில் போட்டாள்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை. ஜெனிபாவின் தங்கைக்குக் கல்யாணம் என்று, சேலைக் கட்டோடு இன்பமணி சாத்தான்குளம் போனாள். அப்பாத்துரை பெரியப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நேரில் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. நலம் விசாரித்து, காதில் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும் என்று புரிந்துகொண்டு, இன்பமணி கேட்டாள். "நம்ம ஆல்வின் கோயம்புத்தூர்ல எந்தக் காலேஜ் பெரியப்பா?"

"காலேஜா?" பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். "ஏ பிள்ள, எல்.கே.ஜி. கேட்டுக்குள்ள விட்டதுக்கே கம்பியப் புடிச்சிக்கிட்டு அந்தக் கத்து கத்துனான். ஏலே ஆல்வினு! இங்கன வா. பாளையங்கோட்டை அத்தை உன்னயக் காலேஜுல சேக்கப் போறாளாம்."

உள்ளேயிருந்து ஒரு பொடியன் வந்தான். இடது கால் செருப்பு வலது காலில் இருந்தது. கையில் மஞ்சள் நிற ஜே.சி.பி. பொம்மை. அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் சேலைக் கட்டின் மேல் பொம்மையை ஏற்றினான்.

ஜெனிபா விழுந்து விழுந்து சிரித்தாள். இன்பமணியும் பாதிவரை சிரித்தாள்.

"பெரியப்பா, உங்களுக்கு வேற பேரன் யாரும்...?"

"மக வழியில ரெண்டும் பொண்ணு. பேரன்னா இந்த ஒத்தப் பயதான். ஏன் கேக்க?"

இன்பமணி, வேண்டிய சேலைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லி, கட்டை அப்படியே ஜெனிபாவிடம் விட்டுவிட்டு எழுந்தாள். காப்பி குடிக்காமல் ஒரு சொந்தக்காரர் வீட்டிலிருந்து அவள் கிளம்பியது அதுவே முதல் தடவை.

நாசரேத்தில் இறங்கி ஏரல் பஸ்ஸைப் பிடித்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தன் பக்கத்தைத் திறந்தாள். யாரோ ஒரு வழிப்போக்கன் பார்ப்பதுபோல, தான் எழுதியதைத் தானே முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு போனாள். அப்பாத்துரை பெரியப்பாவின் ஊர் இருந்தது. பேரன் பெயர் இருந்தது. டார்லினின் அப்பா பெயர், வகுப்பு, எந்தக் கிழமை எங்கே வருவாள் என்பதுவரை இருந்தது. 'யாரு மகன்' என்று எவளாவது கேட்டால் யாரோ ஒருவன் தடுமாறாமல் சொல்வதற்கு வேண்டியது அத்தனையும் படம் படமாக, இதயக்குறிகளோடு இருந்தது. ஆல்வினுக்கு எத்தனையாவது பிறந்தநாள் என்பதை மட்டும் அவள் எழுதவில்லை. அதை அவளும் கேட்டிருக்கவில்லை. முறையைத் துருவித் துருவி விசாரிக்கிறவள், வயதை விசாரித்ததே இல்லை.

எபிக்குப் போன் போடலாமா என்று எண்ணை எடுத்தாள். எபி பள்ளிக்கூட வாத்தியார். விஷயத்தை முழுதாகக் கேட்க மாட்டான். வீட்டுக்குப் போய்ப் போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுவான். வாலிபாலை நிறுத்துவான். அந்தப் பிள்ளை வாயே திறக்காது. எவன், என்ன கேட்டான், எதுவரைக்கும் போயிருக்கிறது, ஒன்றும் தெரியாமலே போகும். தம்பி பெண்டாட்டி லில்லிக்குச் சொன்னால் அவள் அழுதுகொண்டே எபிக்குத்தான் சொல்வாள்.

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது இன்பமணி போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். இது நேரில் பேச வேண்டிய பேச்சு.

லில்லி ஆழ்வார்திருநகரியில் தையல் வகுப்பு எடுக்கப் போயிருந்தாள். எபி இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த டார்லின் சீருடையோடு கட்டிலில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன அத்தை, சொல்லாம கொள்ளாம?"

இன்பமணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனைப் பார்க்கவில்லை.

"ஏட்டி, அன்னைக்கு ஆல்வின் என்ன முறைன்னு கேட்டல்லா. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

டார்லின் நிமிர்ந்தாள். அத்தை முறையில் தவறியதாக அந்தக் குடும்பத்தில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

"அப்போ அண்ணன் இல்லையா?"

"இல்ல. தம்பி. நாலு வயசு. இப்பத்தான் பாத்துட்டு வாரேன். செருப்பக் கால் மாத்திப் போட்டிருக்கான்."

தெருவில் ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார். டார்லின் கவிழ்த்து வைத்த போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ என்கிட்ட பேசுதது யாரு?"

"தெரியல மக்கா. ரெண்டு பேருமாச் சேந்து பாப்போம்."

"நான் கேட்டேன் அத்தை." அவள் உதடு கோணியது. "எடுத்ததும் நான் பேசல. நீங்க கேக்குத மாதிரியே கேட்டேன். எந்த ஊரு, யாரு மகன், எல்லாம் கேட்டேன். எல்லாத்துக்கும் சரியாத்தான் சொன்னாங்க."

"சொல்லுவான். விடைய பூரா நாந்தானே எழுதித் தொங்க விட்டிருக்கேன்."

அதைக் கேட்ட பிறகுதான் டார்லின் அழுதாள். இன்பமணி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பைய, அவளாகவே போனைத் திருப்பி அத்தை மடியில் வைத்தாள்.

முதலில் வாலிபால் பேச்சாக இருந்தது. நீ நன்றாக விளையாடுகிறாய், மாநில அணிக்கே போகலாம். அப்புறம் பரீட்சை, அப்பாவின் கோபம், வீட்டில் உன்னை யார் புரிந்துகொள்கிறார்கள் என்ற ஆறுதல். அப்புறம், இங்கே வேண்டாம், அழிந்துபோகிற மாதிரி செய்தி அனுப்பும் வேறொரு செயலிக்கு வா. வீட்டில் சொல்லாதே, நம் தாத்தாக்களுக்குள் பழைய நிலத்தகராறு இருக்கிறது, என்னோடு பேசுவது தெரிந்தால் பெரியவர்களுக்குள் சண்டை வரும். இந்த இடத்தில் இன்பமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தாமிரபரணிக் கரையில் நிலத்தகராறு இல்லாத சொந்தம் எங்கே இருக்கிறது? ஊரை நன்றாகப் படித்தவன்தான்.

பிறகு, தனியாக ஒரு படம் அனுப்பு என்று மூன்று நான்கு தடவை கேட்டிருந்தான். டார்லின் அந்தச் செயலிக்கும் போகவில்லை, படப் பேச்சையும் மாற்றியிருந்தாள். கடைசியாக வந்திருந்தது நேற்றைய செய்தி. 'சனிக்கிழமை கார்ல வாரேன். உனக்கு ஷூ வாங்கி வெச்சிருக்கேன். பயிற்சி முடிஞ்சதும் அத்தை வீட்டுக்குப் போவாம கேட்டுக்கு வெளிய வா.'

"போயிருப்பியாட்டி?"

"போயிருப்பேன்." டார்லின் பாவாடை நுனியைத் திருகினாள். "அண்ணன்னு நீங்க சொன்னீங்கல்லா."

இன்பமணி எழுந்துபோய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வந்ததும், அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை எழுதிப்போடுவது என்று போனை எடுத்தாள்.

"அத்தை, வேண்டாம்!" டார்லின் கையைப் பிடித்தாள். "திட்டினா எல்லாத்தையும் அழிச்சிட்டு ஓடிருவான். முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெக்கணும். அதுக்கப்புறந்தான் ப்ளாக் பண்ணணும். ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க."

"இவ்வளவு தெரிஞ்சி வெச்சிருக்கியே, பாவி மக்கா!"

"அவங்க தெரியாதவங்க கிட்ட பேசக் கூடாதுன்னு சொன்னாங்க. இவன் நம்ம சொந்தம்லா."

இருவருமாக ஒவ்வொரு செய்தியையும் படம் எடுத்தார்கள். முடியப்போகும் நேரத்தில் டார்லின் மெல்லக் கேட்டாள். "அப்பாட்ட சொல்லாதீங்க அத்தை. ப்ளீஸ்."

"வீட்டுல சொல்லாதன்னு சொன்னவன் அவன். நானும் அதையேவா சொல்லணும்?" இன்பமணி அவள் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். "சொல்லத்தான் செய்வேன். ஆனா நீ பக்கத்துல இருக்கும்போதுதான் சொல்லுவேன். உனக்கும் உங்க அப்பனுக்கும் நடுவுல நான் உக்காந்துக்கிடுதேன். சரியா?"

எபி வந்தான். இன்பமணி சொல்லி முடிக்கும் முன்பே, அவள் நினைத்த மாதிரியே, கையை நீட்டினான். "கொண்டா போன. இனிமே போனும் கிடையாது, பந்தும் கிடையாது."

"லே எபி. உக்காருலே."

பத்தாம் வகுப்பு மாணவர்கள் நிழலைக் கண்டாலே நடுங்குகிற கணக்கு வாத்தியார், அக்காவின் குரலுக்குச் சட்டென்று உட்கார்ந்தார்.

"போனப் புடுங்குனா என்ன ஆவும்? அடுத்த தடவ ஒருத்தன் வந்தா உங்கிட்டயும் சொல்ல மாட்டா, எங்கிட்டயும் சொல்ல மாட்டா. இன்னைக்குச் சொன்னாளே, அதுக்குத் தண்டனையா?"

"அதுக்காக, நடந்தத அப்படியே விட்டுருவியா?"

"விடச் சொல்லல. திட்டணும்னா என்னயத் திட்டு. அவ பேரு, ஊரு, கிழமையெல்லாம் எழுதிப் போட்டவ நான். உன் ஸ்டேட்டஸையும் கொஞ்சம் எடுத்துப் பாரு."

எபி எடுத்துப் பார்த்தான். நேற்று ராத்திரி அவனே வைத்திருந்தான், மகள் சான்றிதழோடு நிற்கும் படம். சட்டையில் பள்ளியின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. அவன் அந்தப் படத்தை அழித்துவிட்டுப் போனை மேசைமேல் வைத்தான்.

"சாப்பிட்டியாம்மா?" என்று மகளைப் பார்த்துக் கேட்டான். டார்லின் இல்லை என்று தலையசைத்தாள். லில்லி வந்து சேர்ந்தபோது வாத்தியார் அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். அவள் பயந்துபோனதே அதைப் பார்த்துத்தான். விஷயத்தைச் சொன்னதும் எதிர்பார்த்ததுபோலவே அழுதாள். ஆனால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு முதலில் போன் போட்டதும் அவள்தான்.

மறுநாள் எல்லோரும் சைபர் குற்றப் பிரிவில் போய்ப் புகார் கொடுத்தார்கள். அங்கிருந்த பெண் உதவி ஆய்வாளர் டார்லினுக்கு நாற்காலி போட்டு, படங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். "படம் அனுப்பாம இருந்தியே, கெட்டிக்காரி" என்றார். பிறகு இன்பமணியின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகளிடம் அவன் அண்ணனாகப் போயிருக்கலாம் என்றார். இன்பமணி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். எழுந்துபோகும்போது பழக்கதோஷம் விடவில்லை.

"நீங்க எந்த ஊரும்மா?"

உதவி ஆய்வாளர் சிரித்தார். "இவ்வளவு நேரம் அதச் சொல்லக் கூடாதுன்னுதானே சொல்லிக்கிட்டு இருந்தேன்?"

சனிக்கிழமை டார்லின் பயிற்சிக்குப் போனாள். எபி பள்ளிக்கு விடுப்புப் போட வேண்டிய தேவை இல்லை. ஆனால் டியூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு மைதானப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தான். மகள் ஆடி அவன் பார்த்ததே இல்லை. அவள் எகிறி அடித்த பந்து எதிர்ப்பக்கம் மண்ணில் விழுந்தபோது, "அது பாயிண்டா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் கேட்டான். கேட்டுக்கு வெளியே சாதாரண உடையில் போலீஸ்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டு நின்றார். கார் எதுவும் வரவில்லை. சில வாரம் கழித்து அவன் பிடிபட்டதாகத் தகவல் வந்தது. கல்லூரி மாணவனும் இல்லை, சாத்தான்குளத்துக்காரனும் இல்லை, இந்தப் பக்கத்து ஆளே இல்லை. தலை நரைத்த ஒருவன்.

இன்பமணி தன் பக்கத்தில் இருந்த பிள்ளைகளின் படங்களையெல்லாம் எடுத்துவிட்டாள். சொந்தங்களையும் ஒவ்வொரு வரியாக அழித்தாள். தான் ஆசை ஆசையாக எழுதிய வரிகளைத் தானே அழிப்பது அவளுக்கு எளிதாக இல்லை. மனிதர்களைக் கழித்துவிட்டால் சேலை வெறும் துணியாகத்தான் தெரிந்தது. பிறகு வீடு வீடாகப் போனாள். ஏரல், நாசரேத், முதலூர் என்று தன் படங்களில் இருந்த வீடுகள் அத்தனைக்கும் போனாள். சேலைக் கட்டை அவிழ்க்கும் முன்னால் தாய்மாரிடம் அவரவர் போனை எடுக்கச் சொன்னாள்.

"உன் பிள்ள பேரு, பள்ளிக்கூடம், போற வார நேரம். இதுல எதாவது நீ போட்ட படத்துல இருக்கா பாரு. இருந்தா எடு. பிள்ளைகிட்ட எவனாவது 'வீட்டுல சொல்லாத'ன்னு சொன்னா, அத மொதல்ல வீட்டுல வந்து சொல்லணும்னு சொல்லி வையி. சொன்னா அடிக்க மாட்டேன்னும் சொல்லி வையி. சொல்லிட்டு அடிச்சிராத."

"சேலை விக்க வந்தியா, பிரசங்கம் பண்ண வந்தியா?" என்று முதலூரில் ஒருத்தி கேலி பண்ணினாள். ஆனால் அன்று மாலையே அவள் கூப்பிட்டு, தன் மகனிடம் யாரோ விளையாட்டுச் செயலியில் பேசிக்கொண்டிருப்பதாக, எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கி விசாரித்தாள். இன்பமணி பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்து ஒரு பஸ்ஸை விட்டுவிட்டுப் பேசினாள்.

இப்போது 'இன்பா சாரீஸ்' பக்கத்தில் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஜெபசிங். முகம் தெரியாது. அகல விரித்த சேலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு கைகள் மட்டும் தெரியும். கரண்டு கம்பத்தில் ஏறி இறங்கிய முரட்டுக் கைகள்.

"ஏளா, கை வலிக்கி. இதுக்கு டார்லினையே கூப்பிடலாம்லா?"

"அவ வளந்து, அவளாட்டு ஆசைப்பட்டு, கேட்டான்னா பாக்கலாம். அதுவரைக்கும் நீங்கதான். இன்னும் கொஞ்சம் தூக்குங்க, பார்டர் மறையுது."

டார்லின்தான் படம் எடுத்தாள். வேர்வையோடு, விளையாட்டுச் சட்டையோடு, மாமாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எடுத்தாள். கீழே 'மயில் கழுத்து நிறம், கைத்தறி' என்று மட்டும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி வந்தது. 'சேலை நல்லாருக்கு. பிடிச்சிருக்கது யாரு? எந்த ஊரு?'

இன்பமணிக்கு விரல் துறுதுறுத்தது. ஜெபசிங்கின் அப்பா, அவர் பிறந்த ஊர், அந்த வீட்டில் கட்டிக் கொடுத்த மூத்த அக்கா, எல்லாம் நுனிநாக்குவரை வந்து நின்றன. டார்லின் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்பமணி பதில் எழுதினாள். 'சேலை வேணுமா? நேர்ல வாங்க. காப்பி போடுதேன்.'